எட்டுச்செலவுக்கு ஒரு ட்ரவுட்

ஹுனுவா மலையடியில் நிமலன் காரை நிறுத்தியபோது மத்தியானம் தாண்டிவிட்டது. காலை முழுவதும் கொங்கிரீட் போட்ட உடம்பு எனக்கு. குனிந்து ரப்பர் சப்பாத்தை இழுத்து மாட்டவே முதுகு மறுத்தது. ஆனாலும் வராமல் இருக்க முடியாது. அன்று எங்கள் கூட்டாளி பிரதாபனின் எட்டுச்செலவு. செத்தவனுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து, பொழுதுபட்டதும் இலையில் படைத்து, உண்டுவிட்டுப் போ என்று அனுப்பிவைக்கும் நாள்.

"ஆஸ்பத்திரியில அவர் கேட்டுக் கிடந்தது இந்த ஆத்து ட்ரவுட் மீன் ஒண்டுதான், அண்ணை" என்று பிரதாபனின் மனைவி புஷ்பவதி அழுதிருந்தாள். "அது இல்லாமல் அவர் போகமாட்டார்."

பிரதாபனும் நிமலனும் நானுமாக ஒவ்வொரு இலையுதிர்காலமும் வந்த சிற்றாறு அது. மஞ்சள் இலைகள் சுழன்று சுழன்று போயின. அக்கரைக்குக் கடந்து, ஆற்றை எதிர்த்து மேலே நடந்தோம். ஈயைப்போலக் கட்டிய தூண்டிலை எறிந்து எறிந்து என் தோள் விட்டுப்போயிற்று. ஒரு மீனும் அசையவில்லை. வெளிச்சம் மர உச்சிகளுக்கு ஏறிக்கொண்டிருந்தது.

நிமலனுக்கு வாய் சும்மா இராது. தண்ணீரைப் பார்த்துக் கத்தினான்.

"டேய் பிரதாபன், வா மச்சான்! வந்து மீனைக் காட்டு, சாப்பாடு தாறம்!"

"விசரா, வாயை மூடு! இலை போட்ட பிறகு வீட்டிலயல்லோ கூப்பிடுறது!" என்று அதட்டினேன்.

"வீடென்ன, ஆறென்ன? அவனுக்கு அலைச்சல் மிச்சம்."

பறவைகளின் சத்தம் நின்றது.

என் நூல் இறுகியது.

ட்ரவுட் துள்ளும், ஓடும், கல்லுக்குள் புகுந்து நூலை அறுக்கும். இது எதுவும் செய்யவில்லை. யாரோ இரு கையாலும் ஏந்தி வருவதுபோல நேரே என் காலடிக்கு வந்து நின்றது.

நிமலன் சிரிக்கவில்லை.

இருட்டுமுன் இக்கரைக்கு வரவேண்டும். கைகோத்துத்தான் கடப்போம். கனத்த ஆள் நீர் வரும் பக்கம் நின்று வேகத்தை உடைப்பான். அது எப்போதும் பிரதாபன். இன்று அந்த இடத்தில் நான். நடு ஆற்றில் தண்ணீர் தொடையைத் தள்ளியது. பாசிக் கல்லில் கால் வழுக்கியது.

சட்டென்று தள்ளல் நின்றது.

எனக்கும் அப்பால், நீர் வரும் பக்கம் யாரோ நின்று ஆற்றை உடைத்துக்கொண்டிருந்தார்கள். வேலைக்குப் போகுமுன் பிரதாபன் முதுகில் தேய்க்கும் தைலத்தின் காரம் மூக்கில் ஏறியது.

நான் திரும்பவில்லை.

"தண்ணி ஏன்டா நிண்டது?" நிமலன் கேட்டான்.

"கதையாதை. நட."

நிமலன் காரை நேரே கிளென் ஈடனில் இருந்த புஷ்பவதியின் வீட்டுக்கு விட்டான். கண்ணாடியைத் திறந்தும் தைல மணம் போகவில்லை.

புஷ்பவதி மீனைப் பொரித்து இலையின் நடுவில் வைத்தாள். "வாங்கோ, சாப்பிடுங்கோ" என்று வெறும் அறையைப் பார்த்துக் கூப்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள். அவன் உண்ணும்போது யாரும் பார்க்கக் கூடாது. விளக்கை அணைத்துவிட்டு நடைவழியில் காத்து நின்றோம்.

அவள் கதவில் காதை வைத்தாள்.

"வந்த சிலமனே இல்லை, அண்ணை. ஒரு சத்தமும் கேக்கேல்லை."

பக்கத்தில் நிமலன் மூச்சை இழுத்துப் பிடித்தான்.

"மச்சான்," என்றான் மெல்ல, "என்ர கையை விடு. உன்ர கை ஐஸ் மாதிரிக் கிடக்கு."

என் கைகள் இரண்டையும் நான் நெஞ்சோடு கட்டிக்கொண்டிருந்தேன்.