சாய்ந்த வலச் சில்லு

2014 ஒக்டோபர் 6, திங்கட்கிழமை, காலை 8.20. விக்டோரியா நீர்த்தேக்கத்தில் மிதக்க வேண்டிய படகு, பல்லேகலையைத் தாண்டிய வளைவில் தார் ரோட்டில் குப்புறக் கிடந்தது. பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த படகோட்டி கணபதியின் கால் அதன் அடியில்.

படகு ட்ரெயிலரை ஜீப்பில் இழுத்து வந்தவன் கலஹா சின்னமுத்து. அவனைப் பொலிஸ் அள்ளிக்கொண்டு போனது. வேகமாக ஓட்டினான் என்று ஆளாளுக்குச் சொல்லிவிட்டார்கள். ரோட்டோரம் நின்று தீர்ப்புச் சொல்லக் காசா, பணமா! பிற்பகல் இரண்டு மணிக்கு அவனை நீதிமன்றத்தில் நிறுத்தப் போகிறார்கள். லைசன்ஸ் போய்விட்டால் அவனுக்கு வேறு தொழில் தெரியாது.

11.05. மோட்டார் வாகனப் பரிசோதகர் பத்மாதேவி பொலிஸ் வளவில் ட்ரெயிலர் முன் குந்தியிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், பேச்சில் கறார். சின்னமுத்துவின் மனைவி வீரம்மா பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்தாள்.

"இருவது வருசமா ஓட்டுறாரு மிஸ். ஒரு கோழியக்கூட அடிச்சதில்ல. வலப்பக்கம் தாழ்ந்து நிக்குதுன்னு காலையிலயே சொன்னாராம்."

"ஆருக்குச் சொன்னவர்?"

"இந்தா நிக்கிறாரே, இவருக்குத்தான். ஓட ஓட சரியாயிடும்னு அனுப்பினாராம்."

ட்ரெயிலரைப் பராமரிக்கும் கராஜ் முதலாளி ராஜலிங்கம் கையை விரித்தார். "பழைய அச்சு மிஸ். தேஞ்சு போச்சு. நம்ம என்ன செய்ய?"

பத்மாதேவி வெடித்த வலப்பக்க டயரைத் தடவிப் பார்த்தார். இந்த அச்சுக்கு ஸ்பிரிங் பட்டை கிடையாது. இரும்புக் குழாய்க்குள் திணித்த ரப்பர்தான் குலுக்கலைத் தாங்கும். அது நாள்பட நலிந்தால் சில்லு சாய்ந்து, டயரின் ஓரத்தைத் தின்றுவிடும். இந்த டயரோ சீராகத் தேய்ந்திருந்தது. மட்காட்டில் உரசிய புதுக் காயம் ஒன்று, அதே இடத்தில் வெடிப்பு.

ஜீப்பில் கொழுவும் முனையிலிருந்து இரண்டு சில்லுகளின் நடுவுக்கும் நாடா பிடித்து அளந்தார். அளவு ஒன்றே, விபத்தில் அச்சு இடம் பெயரவில்லை. ஜக் வைத்துத் தூக்கியதும் இடச் சில்லு ரப்பரின் விசையில் கீழே இறங்கி விறைப்பாக நின்றது. வலச் சில்லு ஆட்டிய பக்கமெல்லாம் ஆடியது.

"இது கன நாள் தேய்வு இல்லை. இண்டைக்கு நேற்றுச் செத்த ரப்பர். கடைசியா இதில கை வைச்சது ஆர்?"

"நான்தாங்க, வியாழக்கிழமை ஆயுத பூசைக்கு. அச்சுக்கு ரெண்டு பக்கமும் நானே பொட்டு வச்சேன். அப்புறம் இன்னிக்குக் காலையில வரைக்கும் கராஜையே திறக்கல, சத்தியமா."

"மட்காட் கம்பியை அச்சில வெல்டிங் பண்ணியிருக்கே?"

"அது போன வருசத்து வேலைங்க."

அச்சின் இடது முனையில் சந்தனப் பொட்டு, நடுவே குங்குமத்தோடு பளிச்சென்று இருந்தது. வலது முனையில் கறுப்புப் பெயின்ட் மட்டும். பத்மாதேவி வெல்டிங்கை ஒட்டி நகத்தால் சுரண்டினார். பெயின்ட் உரிந்தது. உள்ளே அதே அளவில் ஒரு பொட்டு, தோசைக்கல்லில் தீய்ந்த மாவைப்போல் கருகிக் கிடந்தது.

12.10. அவர் எழுந்து கையைத் தட்டிக்கொண்டார்.

"வியாழக்கிழமை வைச்ச பொட்டை, போன வருசத்து வெல்டிங் எப்பிடி எரிச்சது, ராஜலிங்கம்?"

ராஜலிங்கம் குனிந்து அந்தக் கருகிய பொட்டைப் பார்த்தார்.

"பூசைக்குப் பிறகு கராஜைத் திறந்து கம்பியை ஒட்டியிருக்கிறீங்கள். லொறி அச்செண்டால் பரவாயில்லை. இது உள்ளுக்கு ரப்பர். சூட்டில உருகிப் போச்சு. சில்லு சாய்ஞ்சு, மட்காட்டில உரசி, டயர் வெடிச்சது. சின்னமுத்து என்ன பிழை செய்தவர்?"

"கம்பி விட்டுப்போச்சு மிஸ். நேத்து அவசரமா ஒட்டினேன். உள்ள ரப்பர்னு தெரியாது. இன்னிக்கு ஆடுறதப் பாத்ததும்தான் புரிஞ்சுச்சு. சொன்னா அப்புறம் கராஜுக்கு எவன் வருவான்?" அவர் முகத்தைப் பொத்திக்கொண்டார். "பெயின்ட் அடிக்கிறப்பவே துடைச்சிருக்கணும். சாமி பொட்டாச்சே, கை வரல."

"பொட்டைத் துடைக்கக் கை வரேல்லை. ஒரு மனுசனை உள்ள தள்ள வாய் வந்ததோ?" பத்மாதேவி சீறினார்.

1.35. சின்னமுத்துவை வெளியே விட்டார்கள். வீரம்மா ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தாள். அவன் எல்லோர் முகத்தையும் பார்த்துவிட்டு, "கணபதிக்குக் கால் எப்பிடி இருக்கு?" என்று கேட்டான்.

காலையிலிருந்து ராஜலிங்கம் அதை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை என்பது பத்மாதேவிக்கு அப்போதுதான் உறைத்தது.