சைன் இருபத்தாறு

சைன் முப்பது போட்டால் அரை வர வேண்டும். மைனஸ் பூஜ்யம் புள்ளி ஒன்பது எட்டு எட்டு என்று வந்தது.

ஏலியாஸ் சிரித்தான். கட்டப்பனையில் மலைச்சரிவு வீடுகளுக்கு மண் தாங்கும் சுவர் கணக்குப் போட்டுக் கொடுக்கும் இன்ஜினியர். கையிலிருந்த கால்குலேட்டரைத் தொலைத்துவிட்டு, நான்கு வருடமாக இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் சயின்டிஃபிக் கால்குலேட்டரில் பிழைப்பை ஓட்டுகிறவன். அதன் மூலையில் டிகிரி, ரேடியன் என்று இரண்டு பொத்தான்கள். மாறிக் கிடந்தால் கோணக் கணக்கு அத்தனையும் தப்பு. அதனால்தான் எதற்கும் முன்னால் சைன் முப்பது. இந்தச் சடங்கை மறந்த ஜூனியர்களை அவன் அடித்த கிண்டலில் இரண்டு பேர் வேலையையே விட்டுப் போயிருக்கிறார்கள்.

டிகிரியை அழுத்தினான். கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தான். ரேடியன்.

பக்கத்தை மூடித் திறந்தான். ரேடியன்.

ஒன்பது நாளாக விடாத மழை. பிற்பகல் மூன்று மணிக்கே முன்னறையில் விளக்கு எரிந்தது. பின்னால் சமையலறையிலிருந்து எண்ணெயில் நேந்திரம்பழம் பொரியும் பழம்பொரி வாசனை வந்தது, அதற்கு அடியில் புதிதாக வெட்டிய குழியிலிருந்து வருவதுபோல ஈரமண் வாசனையும் வந்தது.

"அச்சாயா, சாயா வேணுமா? இல்ல அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியையே கட்டிக்கிட்டு அழப் போறீங்களா?" மனைவி மினிமோள்.

"பெட்டி எதிர்த்துப் பேசாதுடி."

திரும்பினான். திரையில் சைன் இருபத்தாறு. 0.7626. அவன் தட்டவில்லை.

இந்த எண்ணை எங்கோ பார்த்திருக்கிறான். பழைய நோட்டைப் புரட்டினான். அவன் கையெழுத்துதான். சமையலறைக்குப் பின்னால், மலையைத் தாங்கி நிற்கும் பத்தடிச் சுவர். சொந்தச் சுவர். வாடிக்கையாளர் என்றால் மூன்று தடவை சரிபார்ப்பான். தனக்கே பில் போட முடியாதென்று ஒரு கையால் கப்பைக்கிழங்கும் மீனும் தின்றுகொண்டு போட்ட கணக்கு. அன்று ஒருநாள் மட்டும் சைன் முப்பது போடவில்லை.

அட்டவணைப் புத்தகத்தைத் தேடினான். இருபத்தாறு டிகிரிக்கு 0.4384.

அந்தக் கோணம் மண்ணின் பிடிப்பு; அதன் சைன் குறைந்தால் மலை தள்ளுவது கூடும். மறுபடி கணக்குப் போட்டான். மலை தள்ளும் பலம், அவன் எழுதியதைப்போல மூன்று மடங்கு.

சுவரில் நீர் வடிய ஆறு குழாய்கள் வைத்திருந்தான். ஒன்பது நாளாக அவை கொட்டும் சத்தத்தில்தான் தூங்கினான். இப்போது காது கொடுத்தான். மழை கேட்டது. எண்ணெய் கொதிப்பது கேட்டது.

குழாய்கள் கேட்கவில்லை.

"மினீ, முன்னால வா."

"எண்ணெய் காயுது."

"விட்டுட்டு வாடி!"

"மூணு பழம்தான் பாக்கி. தீஞ்சுபோனா யார்கிட்ட பேச்சு வாங்குறது?"

ஓடினான். நடையில் விளக்கு இல்லை. தரை ஈரம். மண் வாசனை மட்டும்.

சமையலறை வாசல். அவள் ஜன்னலுக்கு முதுகு காட்டி, கரண்டியோடு நின்றாள்.

"இதென்ன அச்சாயா, திடீர்னு இப்படி இருட்டிடுச்சு?"

ஜன்னலில் வானம் இல்லை. மழை இல்லை. நாலடி தள்ளி நிற்க வேண்டிய சுவரின் கல், பாசியோடு, கண்ணாடியில் கன்னம் வைத்திருந்தது. ஒரு குழாயின் வாய், அவள் பின்னந்தலைக்கு நேராக.

முன்னறையில், ஆளில்லாத கம்ப்யூட்டரில், டக் என்று ஒரு பொத்தான் சத்தம்.

கண்ணாடி இன்னும் உடையவில்லை.