மூன்றாம் அறுவடைக்குப் பதினோரு நாள்

காலையில் சுண்ணாம்புத் தண்ணீர்த் தொட்டியில் கால் நனைத்துவிட்டுத்தான் ஜெசிந்தா பின்பக்கத் தோட்டத்தில் இறங்குவாள். வீட்டுக்குள் திரும்பும்போதும் அப்படியே. ஆறு பாத்தி, ஆறு ரக உருளைக்கிழங்கு. மஞ்சள் தோல், செந்தோல், உள்ளே வரை ஊதாவாக இருப்பது, விரல் போல் நீள்வது, கோலிக்குண்டு அளவே வளர்வது, வேகவைத்தால் மாவாக உதிர்வது. ஒவ்வொரு பாத்திக்கும் தனி மண்வெட்டி.

கோத்தகிரிச் சரிவில் இப்படிப் பத்தொன்பது வீடுகள். கருகல் நோய் நாடெங்கும் உருளைக்கிழங்கை அழித்த பிறகு, வெளியே கிடைத்ததெல்லாம் தொழிற்கூடத் தொட்டியில் மண்ணே படாமல் வளர்ந்த ஒரே ரகம். மண்ணில் விளையும் பழைய ரகங்கள் இந்தத் தோட்டங்களில் மட்டும் உயிரோடிருந்தன. அதற்காகத்தான் மண்பூட்டு. நோயின் வித்து துணியிலும் தோலிலும் ஒட்டி வெளியேறலாம் என்பதால், சரிவில் இருப்பவர்கள் வெளியே போக முடியாது. தொடர்ந்து மூன்று அறுவடை நோயின்றி வந்தால் அந்த வீட்டுக்கு விடுதலை. புதிதாக உள்ளே வருபவர்களுக்கும் அதே விதி.

மண்பூட்டு அறிவித்த அன்று அவள் கணவன் அருளப்பன், ஏழு வயது மகள் ஷெரினைக் கூட்டிக்கொண்டு மேட்டுப்பாளையத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தான். மகளின் படிப்புக்காக அங்கேயே தங்கிவிட்டான். மாதத்தின் முதல் ஞாயிறு, எல்லைக் கூடத்தில் கண்ணாடிக்கு இரு பக்கமும் உட்கார்ந்து அரைமணி நேரம் பேசலாம். நான்கு வருடம் அப்படித்தான் போனது.

முதல் மூன்று வருடத்தில் இரண்டு முறை நோய் வந்து கணக்கு அறுந்தது. இந்த முறை இரண்டு அறுவடை சுத்தமாக முடிந்து, மூன்றாவதற்குப் பதினோரு நாள் இருந்தது. பெட்டியைக்கூட அடுக்கிவிட்டாள். அந்தப் புதன்கிழமைதான் ஊதாச் செடி ஒன்றின் இலைக்கு அடியில் மிளகளவு கரும்புள்ளியைப் பார்த்தாள்.

இலையில் நோய் கண்டறியும் கருவியான இலைமானியோடு சோதனை அதிகாரி திலகவதி வருவது வெள்ளிக்கிழமை. அதற்குள் செடியைப் பிடுங்கி எரித்துவிடலாம். கை அதன் தண்டைப் பற்றியும் விட்டது. பிடுங்காமல் எழுந்துபோய் அருளப்பனுக்குப் போன் செய்து புள்ளியைப் பற்றிச் சொன்னாள்.

 அவன் மெதுவாகச் சொன்னான்: "பிடுங்கிப் போட்டுட்டு வந்துடு ஜெசி. யாருக்குத் தெரியப்போகுது?"

"என் உடம்போட அது கீழ வந்துச்சுன்னா?"

"வராமயும் போகலாம்ல."

 அவள் போனை வைத்துவிட்டு அடுப்படியில் நின்றாள். ஷெரினின் தலையை மோந்து பார்க்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு எதுவும் தோன்றவில்லை. மதியம் திலகவதியை அழைத்துத் தானே சொன்னாள்.

இலைமானி நோயை உறுதிசெய்தது. ஊதாப் பாத்தியை எரித்தார்கள். கணக்கு மறுபடி பூஜ்யத்துக்குப் போனது. நல்லவேளை, ஊதா ரகம் இன்னும் இரண்டு வீடுகளில் இருக்கிறது என்று திலகவதி ஆறுதல் சொன்னாள். அருளப்பன் அதன்பிறகு போன் செய்யவில்லை. இவள் கூப்பிட்டபோதும் எடுக்கவில்லை.

முதல் ஞாயிறன்று, வரமாட்டான் என்று நினைத்துக்கொண்டேதான் கூடத்துக்குப் போனாள். அவனும் ஷெரினும் வந்திருந்தார்கள். அவன் காலடியில் இரண்டு பெரிய பைகள். அக்காவிடம் சொல்லிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் டி.சி. வாங்கிவிட்டதாக அவளைப் பார்க்காமலே சொன்னான்.

திலகவதி ஜெசிந்தாவைத் தனியே அழைத்தாள். வீட்டுக்காரி சம்மதித்தால்தான் கதவைத் திறக்க முடியும், அதன்பிறகு மூவருக்கும் பூட்டு ஒன்றுதான், வருடங்கள் ஆகலாம் என்று விளக்கினாள்.

ஜெசிந்தா கண்ணாடி அருகே திரும்பிவந்தாள். நான்கு வருடம் அவள் ஏங்கியது வெளியே போகத்தான். பிள்ளையை உள்ளே இழுக்க அல்ல.

"ஷெரின், இங்க உன் வயசுல ஒரு பிள்ளகூட இல்லம்மா. ஸ்கூல் இல்ல. எல்லாம் போன்லதான் படிக்கணும். நல்லா யோசிச்சுக்கோ."

"யோசிச்சிட்டேன். அங்க எல்லாரும் இருக்காங்க. நீதான் இல்ல."

அருளப்பன் அப்போதுதான் நிமிர்ந்து ஜெசிந்தாவைப் பார்த்தான். அவள் திலகவதியிடம் திரும்பி, "திறங்க," என்றாள்.

முதலில் மகள் வந்தாள். கண்ணாடிக்கு அப்பால் எப்போதும் உட்கார்ந்தே பார்த்த பெண். ஜெசிந்தா ஏழு வயதுப் பிள்ளையை அணைக்கும் பழக்கத்தில் குனிந்தாள். குனியத் தேவையிருக்கவில்லை. ஷெரின் அவள் தோள்வரை வளர்ந்திருந்தாள்.