மடுவின் மேல் மெதுவாக

முதல் சுற்றில் தூண்டில் முள்ளில் பாசி வரவில்லை. வெள்ளையாக வேறு ஏதோ அப்பிக்கொண்டு வந்தது.

"இன்னாடா இது, தேங்கா வழுக்க மாதிரி? தொடச்சிக் குடு" என்று ஓவர்சியர் ராஜாக்கண்ணு தூண்டில் நரம்பின் நுனியில் தொங்கிய பித்தளைத் தகட்டை ரங்கனின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

ரங்கன் துடுப்புகளை மடியில் சாய்த்துவிட்டுத் தகட்டை வாங்கினான். உள்ளங்கை நீளத்தில் கரண்டிக் குழி போல் வளைந்த தகடு. வால் பக்கம் மூன்று முள். படகு போகும்போது அது பின்னால் சின்ன மீன் போலப் புரண்டு வரும், பெரிய மீன் ஏமாந்து கவ்வும். முள்ளுக்கு நடுவே இருந்ததை அவன் கட்டைவிரலால் வழித்தான். கொழகொழவென்று வரும் என்று நினைத்தான். அது சோப்பு போல மசிந்து நகக்கண்ணுக்குள் ஏறிக்கொண்டது. ஏரித் தண்ணீரில் கழுவினான், வேட்டியில் தேய்த்தான், போகவில்லை. கெட்டுப்போன நெய்யும் ஈரத் தோலும் கலந்த வாடை விரலில் தங்கிவிட்டது. அந்த விரலை என்ன செய்வதென்று தெரியாமல் மற்ற விரல்களிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டான்.

"மீன் கொழுப்புங்க ஐயா" என்றான்.

மீன் கொழுப்பு அப்படி இருக்காது. ஏரியின் நடுவில் இருக்கும் மடுவில் என்ன கிடக்கிறது என்பது ஜவ்வாது மலையிலேயே ரங்கன் ஒருவனுக்குத்தான் தெரியும். இருபத்திரண்டு நாளுக்கு முன்னால், புளியமரப் பங்கில் தொடங்கிய வாய்ச்சண்டையில், சாராய வெறியில், அண்ணன் கருப்பனைப் பிடித்துத் தள்ளினான். பாறையில் தலை மோதிய சத்தம் ஒரே ஒரு முறைதான் கேட்டது. இதே படகில் ஏற்றி, இடுப்பில் உடைந்த திருகைக் கல்லைக் கட்டி, மடுவில் இறக்கினான். விடிந்ததும் அண்ணி மாதம்மாளிடம் போய், அண்ணன் குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போய்விட்டான் என்றான். அவள் நம்பினாள். அந்த ஒரு நம்பிக்கையில்தான் அவன் கழுத்து தப்பியிருந்தது.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, எண்பத்திரண்டாம் வருஷம் ஐப்பசியில் ஏரிக்கரையைப் பலப்படுத்த இந்த ஓவர்சியர் வந்து சேரும்வரை. கணியம்பாடிக்காரர். கல், மண், ஜல்லி எதைப் பற்றியும் கவலைப்படாமல், ரீல் பூட்டிய தூண்டில் கழியோடு வந்து இறங்கினார். சமையலுக்கு மாதம்மாளை வைத்துக்கொண்டார். படகு வலிக்க ரங்கனைக் கூப்பிட்டார். முடியாது என்று சொல்ல ரங்கனுக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை.

படகைத் தயார் செய்ததும் அவன் கைதான். கழியைப் பின்பலகையோடு சேர்த்து சைக்கிள் டியூபால் கட்டினான். ஓவர்சியரின் கனத்துக்குப் பின்பக்கம் தாழ்ந்துவிடாமலிருக்க முன் முனையில் ஒரு கல்லைத் தூக்கி வைத்தான். துடுப்பு கிறீச்சிடாமலிருக்க இரும்பு முளையில் ஈரக் கயிற்றைச் சுற்றினான். ஒவ்வொரு முடிச்சையும் தன் கழுத்துக்கே போடுவதுபோல வெறுப்போடு போட்டான். துடுப்பு வலிப்பவன் போகும் திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். முகம் பின்பக்கம் இருக்கும். ஓவர்சியரின் அகன்ற முதுகு, அதைத் தாண்டி நாற்பது கஜம் நீண்டு தண்ணீருக்குள் இறங்கும் நரம்பு, இந்த இரண்டைத்தான் அவன் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வேகமாக வலித்தால் தகடு மேலே எழும்பும். மெதுவாக வலித்தால் அடிக்கு இறங்கும்.

அதனால் மடு வந்ததும் ரங்கன் பல்லைக் கடித்துக்கொண்டு வேகமாக வலித்தான்.

"அங்க போனா மட்டும் ஏண்டா ஓட்ற? அடிலதான் பெருசு கெடக்கும். மெதுவா வலி."

"மரக்கட்ட கெடக்குதுங்க ஐயா. முள்ளு மாட்டிக்கும்."

"மாட்னா நீ முழுவி எடு. உனுக்கு நீச்சல் தெரியுமில்ல?"

ரங்கன் மெதுவாக வலித்தான். மலைமேலிருந்து பனி இறங்கி ஏரியின் விளிம்பைத் தின்றுகொண்டு வந்தது. மழைக்குப் பிந்திய ஈரம், அழுகிய இலை வாடை, எங்கோ ஒரு மாட்டின் மணிச் சத்தம் எல்லாம் கரையோடு பின்தங்கிப் போயின. துடுப்பு தண்ணீரைத் தொடும் சத்தமும் நரம்பின் மெல்லிய முனகலும் மட்டும் மிச்சம். அதற்கும் அடியில் நகக்கண்ணிலிருந்து அந்த வாடை விடாமல் வந்துகொண்டிருந்தது.

"ஒங்க அண்ணி குடகுக்கு லெட்டர் எழுதச் சொன்னாடா" என்றார் ஓவர்சியர், திரும்பாமல். "எந்தத் தோட்டம்னு கேட்டா தெரிலன்றா. கரைக்குப் போனதும் நீ சொல்லு."

ரங்கன் வாயைத் திறந்தான். அதற்குள் கழி வளைந்தது.

ஓவர்சியர் கத்திக்கொண்டே ரீலைச் சுற்றினார். வந்தது வாளை. ஒரு ஆள் கை நீளத்துக்கும் மேல், செதில் இல்லாத சாம்பல் உடம்பு, காதுவரை கிழிந்த வாய். வயிறு மட்டும் சினை ஆடு போல் உப்பியிருந்தது. அவர் அதை மண்டையில் ஒரு போடு போட்டு, முள்ளைக் கழற்றி, ரங்கனின் காலடியில் எறிந்தார்.

"இத்தினி கொழுப்பா! இன்னாத்தடா துன்னுது இங்க?" என்று சிரித்தார். "இன்னும் ஒரு சுத்து. அதே எடம்." தகட்டை மறுபடி விட்டுவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டார்.

மீனின் வழுவழுப்பு ரங்கனின் கணுக்காலில் ஒட்டியது. வலிப்பதற்குக் காலை ஊன்றியாக வேண்டும், நகர்த்த இடமில்லை. வாளை செத்துவிட்டது என்றுதான் நினைத்தான். பிறகு அதன் வயிறு ஒரு தரம் சுருங்கியது. இன்னொரு தரம். கிழிந்த வாய் அகலத் திறந்து, தின்றதையெல்லாம் அவன் பாதத்தின் மேல் கக்கியது. சில்லென்று. நுரை, கஞ்சி போல ஒரு நீர், அந்தச் சோப்பு வெள்ளை. கடைசியில், அதன் தொண்டையில் சிக்கிச் சிக்கி, மெதுவாக, ஒரு மனிதக் கை வெளியே வந்தது.

மணிக்கட்டுவரை. உப்பி, வெளிறி, தோல் கையுறை போலத் தளர்ந்து. படகின் அடியில் தேங்கிய தண்ணீரில் மல்லாந்து மிதந்தது.

ரங்கனின் தொண்டைக்குள் எச்சில் புளிப்பாக ஏறியது. விழுங்கினான். வாந்தி எடுத்தால் அவர் திரும்புவார். துடுப்பை விட்டுவிட்டு அதை எடுத்து ஏரியில் எறியலாம். துடுப்பை விட்டால் படகு நிற்கும், தகடு இறங்கும், அவர் திரும்புவார். காலால் தள்ளலாமென்றால் படகின் விளிம்பு முழங்கால் உயரம்.

வேறு வழி இல்லை. வலது காலைத் தூக்கி அதன்மேல் வைத்தான்.

அப்படி ஒரு அருவருப்பை அவன் அறிந்ததில்லை. பாதத்தின் அடியில் அது மசிந்து, மசிந்ததற்குள் எலும்பு எலும்பாகத் தட்டுப்பட்டது. உள்ளங்காலில் தொடங்கிய கூச்சம் தொடை வழியாக ஏறி, பல் ஈறுவரை வந்து நின்றது. மறைத்தாயிற்று என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கரை சேர்ந்ததும் அவர் இறங்கிப் போவார், நான் படகைக் கழுவுவேன், முடிந்தது. வலித்தான். மடு வந்தது. மெதுவாக வலித்தான்.

கால் அடியில் இருந்தது குளிர்ந்துதான் கிடந்தது. முதலில்.

பிறகு அது சூடேறியது.

தன் கால் சூடுதான் என்று நினைத்தான். அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் இடது பாதம் விறைத்துக் கிடந்தது. வலது பாதத்துக்குக் கீழே மட்டும் வெதுவெதுப்பு. ஒரு துடிப்பு. நின்றது. இன்னொரு துடிப்பு.

ஓவர்சியர் விசில் அடித்துக்கொண்டிருந்தார்.

"போதுங்க ஐயா" என்றான் ரங்கன். அவன் குரல் அவனுக்கே அன்னியமாகக் கேட்டது. "பனி எறங்கிடுச்சி. வூட்டுக்குப் போலாங்க."

"சரி, வலி."

வேகமாக வலித்தான். வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கக் கை இல்லை. காலைத் தூக்கிவிடலாம் என்று ஒரு எண்ணம். தூக்கினால் தெரிந்துவிடும். தூக்கக் கூடாது. தூக்கக் கூடாது. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே ஏதோ நுழைந்தது. மெதுவாக. நகம் ஒன்று உரசியது. அடுத்த இடைவெளியில் இன்னொன்று. அதற்கடுத்ததிலும். அவன் வலித்தான். கத்தவில்லை. வலித்தான்.

முனை மணலில் ஏறியது. முதுகுக்குப் பின்னால் தண்ணீரில் யாரோ கால் நனைத்து நடந்து வரும் சத்தம் கேட்டது. அரிக்கேன் விளக்கின் மண்ணெண்ணெய் வாடை வந்தது.

"மீனு மாட்டிச்சா ரங்கா?" மாதம்மாளின் குரல்.

"மாட்டாம? ஆட்டுக்குட்டி மாதிரி இருக்குது பாரு" என்று ஓவர்சியர் எழுந்தார். படகு ஆடியது. "எந்திரிடா, நான் எறங்கணும்."

ரங்கன் எழுந்திருக்கவில்லை. காலை இழுத்துப் பார்த்தான். வரவில்லை.

"ரங்கா? இன்னா ஆச்சி, மொகமெல்லாம் வேர்த்துக் கெடக்குது?" அவள் மூச்சு அவன் தோளில் பட்டது. "குளுர்ல கால் மரத்துப் போச்சா? இரு, நான் மீன எடுத்துக்கறேன். காலத் தூக்கு."

"வேணாம் அண்ணி."

"தூக்குடா."

"வேணாம் அண்ணி, வேணாம்."

மாதம்மாள் அவன் தோளுக்கு மேலாகக் குனிந்து விளக்கை இறக்கினாள். வெளிச்சம் அவன் பாதத்தில் விழுந்தது. ஐந்து கால்விரல்களுக்கு நடுவே, கீழிருந்து, வெளிறி உப்பிய நான்கு விரல்கள் மேலேறி மடிந்து கோத்துக்கொண்டிருந்தன. அவள் விளக்கை இன்னும் கீழே இறக்கினாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை இன்னும் கொஞ்சம் இறுகின.