ஒன்பதாம் கோடு

காலை 6.10.

சாணக் குழியில் மிதக்கும் இரும்பு டிரம் தரைதட்டிக் கிடந்தது. நேற்று மாலை ஆறு மணிக்கு, கேஸ் நிரம்பி, அதன் மேல் வரைந்த ஒன்பதாம் கோடு வெளியே தெரியுமளவுக்கு ஆள் உயரம் எழும்பி நின்ற டிரம் அது. இப்போது ஒரு கோடும் தெரியவில்லை.

மீட்டரக்கா சைக்கிளை நிறுத்தினாள். வீடு வீடாகப் போய் கேஸ் மீட்டர் படிப்பவளை ஊரே அப்படித்தான் கூப்பிட்டது. அவளுடைய தங்கச்சி, அந்தச் சாண எரிவாயுக் கூடத்தின் இன்ஜினியர், குழியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, மொத்தமும் போச்சு."

"அழுதியா?"

"இல்ல. கண்ணுல தூசி."

"ரெண்டு கண்ணுலயுமா? சரி, எழுந்திரு."

போன குளிர்காலத்தில் எல்லைக்கு அப்பாலிருந்த கம்பெனி, ஏதோ கோபத்தில், இரண்டு முறை வால்வை மூடியது. ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டின் கொதிகலன் அணைந்தது. பச்சைப் பிள்ளைகளை நர்சுகள் தங்கள் உடம்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதற்குப் பிறகுதான் சாணத்திலும் சந்தைக் கழிவிலும் கேஸ் எடுக்கும் இந்தக் கூடம் வந்தது. இன்று பதினொரு மணிக்கு நகரசபைத் தலைவரம்மா வருகிறார். டிரம் உயர்ந்து நின்றால் இன்னும் நான்கு டிரம் கட்டுவார்கள். நிற்காவிட்டால் அதே கம்பெனியோடு பத்து வருட ஒப்பந்தம். தங்கச்சிக்கு வேலையும் இல்லை, பெயரும் இல்லை.

மீட்டரக்கா குனிந்து பார்த்தாள். குழியில் குமிழிகள் வந்துகொண்டுதான் இருந்தன. கேஸ் பிறக்கிறது, தங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் மீட்டரில் 4417. நேற்று மாலையும் அதுவேதான். ஆக, மீட்டரைத் தொடாமலே போயிருக்கிறது. டிரம்மில் ஓட்டை இல்லை. கேட்டின் பூட்டு பூட்டியபடி இருந்தது.

குழாய் வழியே நடந்தாள். பாதி வழியில் குழாய் தாழ்ந்து வளைந்த இடத்தில் ஒரு சின்னத் திருகு; இறுக்கி மூடியிருந்தது. பக்கத்து ஆணியில் ஒரு வாளி கவிழ்ந்து தொங்கியது. வளைவின் மேல் சாக்பீஸில் ஒரு சரிக்குறி. கீழே மண் ஈரம். மழை பெய்து பத்து நாளாகிறது. அங்கிருந்து ஒரு கிளைக்குழாய் கூரைக்கு மேலே ஏறிப் போனது.

காலை 6.40. காவலாளி.

"ராத்திரி யாராவது வந்தாங்களா?"

"ஈ காக்கா வரல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

காவலாளி தொப்பியைக் கழற்றித் திருப்பிப் பார்த்தார். "காக்கா எப்பவும் வராது. புறாதான். கூரை மேல முப்பது உக்காந்து என் தொப்பியை நாசம் பண்ணும். இன்னைக்குத் தொப்பி சுத்தம். அதுங்களுக்கே நம்ம மேல இரக்கம் வந்திருச்சு போல."

காலை 7.20. வெளிநாட்டு கேஸ் கம்பெனியின் ஏஜென்ட். கூப்பிடாமலே வந்தார்.

"நேத்து அஞ்சு மணிக்கு நீங்க இங்க வந்ததா தங்கச்சி சொன்னா. எதுக்கு வந்தீங்க?"

"பார்க்கத்தான். எதையும் தொடலம்மா, சட்டை அழுக்காயிடும். இல்லாத கேஸ் எப்படிக் காணாமப் போகும்? உன் தங்கச்சி காத்தை அடிச்சு டிரம்மைத் தூக்கிக் காட்டியிருக்கா. தலைவரம்மாகிட்ட அதைத்தான் சொல்லப் போறேன். நீயும் யோசி. எங்க கேஸ் போனா உன் வேலையும் போச்சு."

"எந்த கேஸா இருந்தாலும் மீட்டர் சுத்தித்தானே ஆகணும் சார்."

காலை 7.45. பிட்டர் அண்ணன். எல்லைக்கு அப்பாலிருந்து வரும் பழைய கேஸ் லைனில் இருபத்தெட்டு வருடம் குழாய் பொருத்தும் வேலை பார்த்தவர். திங்கட்கிழமைதான் இங்கே சேர்ந்தார். முகம் வெளிறியிருந்தது.

"நேத்து கடைசியாப் போனது நீங்கதானே அண்ணே?"

"ஆமா. சனிக்கிழமை வேலையெல்லாம் முடிச்சிட்டுத்தான் போனேன். எதைத் திறந்தாலும் இறுக்கி மூடுற ஆளு நான். என் பேத்தி அந்த வார்டுலதான் இருந்தா. நான் போய் இதைக் கெடுப்பேனா?"

அவர் கண் பொய் சொல்லவில்லை.

காலை 8.50. ஞாயிற்றுக்கிழமையானாலும் அவளுக்கு ஒரு தெரு பாக்கி இருந்தது. முதல் வீட்டில் படித்தாள். இரண்டாம் வீட்டில் படித்தாள். மூன்றாம் வீட்டு வாசலில் பென்சில் நின்றுவிட்டது.

குழாயின் அடியில் சாக்பீஸ் சரிக்குறி. முதல் வீட்டிலும் இருந்தது. எல்லா வீட்டிலும் இருந்தது. பார்த்துப் பார்த்துக் கண் மரத்துப்போன குறி.

சைக்கிளைத் திருப்பினாள்.

காலை 9.05.

"அந்த வளைவுக்குள்ள எப்பவும் தண்ணி நிக்கணுமா?" என்று மூச்சு வாங்கக் கேட்டாள்.

"நிக்கணும்!" என்றாள் தங்கச்சி. அடுத்த நிமிடம் அந்த வாளியோடு தண்ணீருக்கு ஓடினாள்.

காலை 11.00. தலைவரம்மா, ஏஜென்ட், காவலாளி, பிட்டர் அண்ணன். டிரம்மில் ஒரு கோடு வெளியே வந்திருந்தது.

"கேஸை யாரும் திருடல," என்றாள் மீட்டரக்கா. "கூரை வழியா வானத்துக்குப் போயிருச்சு. அந்த நாத்தத்துலதான் புறா ஓடிப்போச்சு. இந்த வளைவுல நிக்கிற தண்ணிதான் கேஸுக்குப் பூட்டு; அது வடிஞ்சா கேஸ் கூரைக் குழாய்ல ஏறிடும். யாரோ அந்தத் தண்ணியைப் பொறுப்பா வாளியில பிடிச்சுக் கொட்டி, திருகை மூடி, வாளியைக் கவுத்து மாட்டி, சரிக்குறியும் போட்டிருக்காங்க. கெடுக்க வந்தவன் குறி போட்டுட்டுப் போவானா? பழைய லைன்ல சனிக்கிழமை சாயங்காலம் குழாய்த் தண்ணியை வடிக்கணும், இல்லன்னா துருப்பிடிக்கும். வடிச்சதுக்கு அடையாளம் அந்தக் குறி. ஊர் முழுக்க இருக்கு. ஆனா இந்தக் குழாய் பழைய லைனே இல்ல. காலையில அதைப் பார்த்தேன், பார்க்காத மாதிரி போயிட்டேன்."

அவள் பெயரைச் சொல்லவில்லை. தேவையும் இருக்கவில்லை.

"நான்தான் வடிச்சேன்," என்றார் பிட்டர் அண்ணன். "என் கைதான் பண்ணுச்சும்மா. புத்தியைக் கேக்கவே இல்ல."

"கதை நல்லாருக்கு," என்றார் ஏஜென்ட். "உள்ள இருக்கிறது கேஸா காத்தா?"

தங்கச்சி சோதனை அடுப்பின் முன் உட்கார்ந்தாள். முதல் தீக்குச்சி அணைந்தது. இரண்டாவதும் அணைந்தது. ஏஜென்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாவதில் பக்கென்று பற்றி, நீலமாக நின்றது சுடர்.

தலைவரம்மா குனிந்து அதில் கையைக் காட்டினார், குளிர் காய்பவரைப் போல. "ஒரு வாளி தண்ணியில சரியாகிற பிரச்சினைதானே? எல்லைக்கு அந்தப் பக்கம் மூடுற வால்வுக்கு என்கிட்ட வாளி இல்ல." ஏஜென்ட் நீட்டிய காகிதத்தைத் தொடாமலே நிமிர்ந்தார். "நாலு டிரம். குளிர் வர்றதுக்குள்ள."

எல்லாரும் போனபின் பிட்டர் அண்ணன் ஸ்பேனரைத் தங்கச்சியிடம் நீட்டினார். அவள் அதை வாங்காமல் வாளியை அவர் கையில் கொடுத்தாள்.

"சனிக்கிழமை வேலை உங்களுக்குத்தான் அண்ணே. எடுக்கிறது இல்ல, ஊத்துறது."

அவர் சரிக்குறியைக் கையால் அழித்தார். பிறகு டிரம்மருகே போய், மேலே வந்திருந்த கோட்டை ஈரம் போகத் துணியால் துடைக்கத் தொடங்கினார். இரண்டாம் கோடு எட்டிப் பார்த்தது.

கூரை மேல் முதல் புறா வந்து உட்கார்ந்தது. காவலாளி தொப்பியைக் கழற்றிப் பத்திரமாகக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.