பூங்காவனத்தின் மாத்திரைகள்

மலேசியா பிறந்த மறு வருடம். காஜா பெராங் தெருவில் ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் கலியாணசுந்தரத்தின் வீட்டுக்கு டாக்டர் கமலவேணி கலங்கிய முகத்தோடு வந்தாள். அவருடைய நண்பர் தம்பிராஜா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். வழக்கு என்றால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

"நிணநீர்க் கட்டியில புற்று, சார். ஒரே மருந்துக்கு அடங்காது. அதனால ஊசியையும் மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கிறோம். மத்தவங்களுக்குக் கட்டி கரையுது. மாத்திரையால பசி எடுத்து, முகம்கூட உருண்டையாயிடுது. பூங்காவனம்னு ஒரு நோயாளிக்கு மட்டும் ஒண்ணுமே இல்ல. வீட்டுக்குக் கொடுத்தனுப்புற மாத்திரைப் புட்டி என்னவோ காலியாத்தான் வருது. இப்படியே போனா சோதனையை நிறுத்திடுவாங்க."

"யாரோ மாத்திரையைத் திருடுறாங்க" என்றார் தம்பிராஜா உடனே.

மூவரும் தெங்கேராவில் இருந்த பூங்காவனத்தின் வீட்டுக்குப் போனார்கள். பூங்காவனத்தின் கன்னம் ஒட்டிக் கிடந்தது. அவளுடைய ஓரகத்தி அஞ்சலை காப்பி கொண்டுவந்தாள். பூரித்த முகம், அந்த வெயிலிலும் முந்தானையைக் கழுத்தில் இறுக்கிச் சுற்றியிருந்தாள். தம்பிராஜாவின் சந்தேகமோ பூங்காவனத்தின் புருஷன்மேல் இருந்தது.

"மாத்திரை வயித்துக்கு ஒத்துக்குதாம்மா?" என்று கேட்டார் கலியாணசுந்தரம்.

"ஒண்ணும் பண்ணல, ஐயா" என்றாள் பூங்காவனம்.

"வெறும் வயித்துல போட்டாத்தான் எரியுது" என்றாள் அஞ்சலை.

கலியாணசுந்தரம் கோப்பையைக் கீழே வைத்தார். "எரிஞ்சது யார் வயிறும்மா?"

அஞ்சலை தலை குனிந்தாள்.

"திருட்டு இல்ல, தம்பிராஜா. முகம் உருண்டையானது இவங்களுக்கு. கழுத்தை மூடுறதும் இவங்கதான். ஊசி ஒருத்திக்கு, மாத்திரை இன்னொருத்திக்கு. சேர வேண்டிய மருந்தை ரெண்டு உடம்புக்குப் பிரிச்சிட்டாங்க."

பூங்காவனம் அழுதாள். "நான் படுத்தப்ப என் பிள்ளைங்களுக்குச் சோறு போட்டவங்க அக்காதான். அவங்க கழுத்துலயும் கட்டி வந்துச்சு. ஆஸ்பத்திரின்னா பயம், வர மாட்டேன்னுட்டாங்க. நான்தான் கட்டாயப்படுத்திக் கொடுத்தேன்."

டாக்டர் முந்தானையை விலக்கிக் கட்டியைத் தொட்டுப் பார்த்தாள். அன்றே அஞ்சலையைக் கையோடு அழைத்துப் போனாள்.

சோதித்ததில் அது புற்று அல்ல, காசநோய்க் கட்டி என்று தெரிந்தது. அந்த மாத்திரை அதை முற்றவைக்கக்கூடியது. இன்னும் கொஞ்ச காலம் விட்டிருந்தால் ஆளையே சாய்த்திருக்கும். அவளுக்கு வேறு மருந்து தொடங்கினார்கள். ஊசியும் மாத்திரையும் சேர்ந்தபின் பூங்காவனத்தின் கட்டியும் கரையத் தொடங்கியது. சோதனையும் தொடர்ந்தது.

ஓரகத்திகள் இருவரும் டாக்டரிடம் வந்து கும்பிட்டு நின்றார்கள். "ஏமாத்தினதுக்குத் திட்டாம, ரெண்டு பேரையும் காப்பாத்தினீங்களே, அம்மா" என்றாள் பூங்காவனம்.

டாக்டர் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டாள். "மருந்து தோத்துப்போச்சுன்னு நான் கைவிட இருந்தேன். நீ பொழைச்சு வந்து என்னைத் தேத்திட்ட."

அஞ்சலை ஓரகத்தியின் தோளைத் தொட்டாள். "வா, பிள்ளைங்க பசியோட இருக்கும்."