ஒன்று இங்கே, ஒன்று அங்கே

மழை பெய்கிறதா நின்றுவிட்டதா என்று தெரியாத ஒரு மத்தியானம். சலவைக்கடையின் பின்னறையில் இஸ்திரிச் சூடும் ஈரத்துணியின் ஆவியும் கலந்து, உள்ளே வருகிறவர்களுக்கெல்லாம் கொட்டாவி வரவழைத்துக்கொண்டிருந்தன. அந்த ஆவிக்கு நடுவே நாற்காலியில் சாய்ந்திருந்தார் கண்மூடி. காப்பீட்டு நிறுவனத்தில் விசாரணை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். யார் என்ன சொன்னாலும் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பார். பெயர் அப்படி வந்ததுதான். தூங்கிவிட்டார் என்று நம்பி அவர் முன்னால் தாராளமாகப் பொய் சொன்னவர்கள் உண்டு, பாவம்.

கடை அவருடைய மைத்துனருடையது. சட்டைக் காலரில் ஒரு கறை இருந்தால் அதற்குப் பின்னால் ஒரு கொலையாவது இருக்கும் என்று நம்புகிற ஆத்மா.

"அத்தான், கேஸ் வந்திருக்கு!" என்று அவர் கிசுகிசுத்தது தெருமுனை வரை கேட்டிருக்கும்.

வந்தவர் பூகோள டீச்சர். குடையை மடக்கக்கூட மறந்து நின்றார்.

"எங்கப்பா போய் ரொம்ப வருஷம் ஆச்சு சார். இப்ப அவரைத் திருடன்னு சொல்றாங்க."

"உக்காருங்கம்மா. மொதல்லேர்ந்து சொல்லுங்க," என்ற கண்மூடி கண்ணை மூடினார்.

டீச்சர் வீட்டுப் பரணில் ஒழுகியது. ஓடு மாற்ற வந்த ஆட்கள் ஒரு மரப்பெட்டியை இறக்கினார்கள். பச்சை வர்ணம், மேலே நீளமான துவாரம், பூட்டு. துவாரத்தில் டார்ச் அடித்தால் உள்ளே நிறைய வெள்ளைக் காகிதம். டீச்சரின் அப்பா அந்தக் காலத்தில் தேர்தல் நடத்திய அதிகாரி. இது போதாதா ஊருக்கு?

"அப்போ ஆத்துக்கு ரெண்டு கரையும் சேந்து ஒரே பாராளுமன்றத் தொகுதி சார். ஆனா உறுப்பினர் ரெண்டு பேர். இரட்டைத் தொகுதின்னு சொல்வாங்க. அதனால ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு சீட்டு குடுப்பாங்க. நிக்கிற ஆளுக்கு ஒரு கலர்ல பெட்டி. ரெண்டு சீட்டையும் வேற வேற பெட்டியில போடணும். கூடுதலா வாங்கின மொத ரெண்டு பேர் ஜெயிச்சாங்க. பாலம் வந்தப்புறம் தொகுதியை ரெண்டா வெட்டிட்டாங்க. இன்னிக்கு என் பசங்ககிட்ட சொன்னா சிரிக்கிறாங்க."

"பச்சை யாரோடது?"

"படகுத்துறை முதலாளியோடது. மூணாவதா வந்தார். ஆனா எண்றப்போ பச்சைக் குவியல்தான் மலை மாதிரி இருந்துச்சாம். ஜன்னல் வழியா ஜனங்க பாத்திருக்காங்க. அப்பவே ஒரு முணுமுணுப்பு. இப்ப பெட்டியே கெடைச்சிடுச்சு."

மைத்துனர் தொடையைத் தட்டினார். "அத்தான், இது பெரிய இடத்து விவகாரம்!"

"நீ கொஞ்சம் சும்மா இரு மாப்ளே. டீச்சர், உங்கம்மா இருக்காங்களா?"

அங்கேதான் டீச்சரின் குரல் உடைந்தது. "இருக்காங்க. நேத்து எது இன்னிக்கு எதுன்னு அவங்களுக்குத் தெரியறதில்ல. ஆனா யாரோ எங்க செவுத்துல கரியால 'திருடன் வீடு'ன்னு எழுதினதை மட்டும் படிச்சுட்டாங்க. அன்னிலேர்ந்து சாப்பாடு இறங்கல. 'அவரை எங்கடி புடிச்சுட்டுப் போனாங்க'ன்னு கேக்கறாங்க. எதிர்ல வாசகசாலை. அதுல அப்பா பேர்ப் பலகை. ஜன்னல்லேர்ந்து அதைப் பாத்துக்கிட்டுதான் பொழுதைக் கழிப்பாங்க. பெட்டியை ஊர்க்காரங்க அங்க தூக்கிட்டுப் போய் வச்சிருக்காங்க. ஞாயித்துக்கிழமை அதைத் திறந்துட்டுப் பலகையைக் கழட்டப் போறாங்க சார். கழட்டினா அம்மா தாங்க மாட்டாங்க."

கண்மூடி கண்ணைத் திறந்தார். அது அபூர்வம்.

டீச்சர் வீட்டில் ஜன்னலோரம் அம்மா உட்கார்ந்திருந்தார். வெளியே மூடுபனி தெருவைப் பாதி விழுங்கியிருந்தது; பலகை மட்டும் மிதப்பதுபோல் தெரிந்தது. மடியில் ஒரு பழைய சிவப்புப் பெட்டி. அதில் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அது என் உண்டியல்," என்றார் டீச்சர். "சின்ன வயசுல காசு சேப்பேன். துவாரம் பெருசா இருக்கும், பென்சிலை விட்டு நோண்டி எடுத்துடுவேன்."

அம்மா ஒரு பொத்தானைப் பெட்டியில் போட்டார். அடுத்ததைக் கண்மூடியின் உள்ளங்கையில் வைத்தார். "ஒண்ணு இங்க, ஒண்ணு அங்க. ரெண்டையும் ஒண்ணுல போடக்கூடாதும்மா."

"சரிங்கம்மா," என்றார் கண்மூடி பணிவாக.

"வெளிய சொல்லாதே. சொன்னா அந்தப் பொம்பளைங்களுக்கு வீட்ல அடி விழும்."

"யாருக்கும்மா?" என்று மைத்துனர் பாய்ந்தார். அம்மா அவரைப் பார்த்து இனிமையாகச் சிரித்துவிட்டு, பார்வையை ஜன்னலுக்கு வெளியே பனிக்குத் திருப்பிக்கொண்டார்.

ஏணி வைத்துப் பரணைப் பார்த்தார்கள். புழுதியில் பெட்டி இருந்த இடம் சதுரமாக வெளுத்திருந்தது. அதன் பக்கத்தில் அதே அளவில் இன்னொரு சதுரம், ஆனால் மங்கலாக. அதன்மேல் பிற்பாடு புழுதி படிந்திருந்தது. மைத்துனர் தும்மினார். கண்மூடி இரண்டு சதுரங்களையும் சாணால் அளந்தார்.

வாசகசாலையில் பச்சைப் பெட்டியை மேசைமேல் வைத்துக் காவல் காத்தவர் படகுத்துறை முதலாளியின் மகன். தலை நரைத்தவர், முரட்டு ஆளில்லை. தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். கண்மூடி பெட்டியை எல்லாப் பக்கமும் தடவிப் பார்த்தார். அரக்கு முத்திரை ஒட்டிய தடம் எங்கேயும் இல்லை.

"எனக்கு அந்தப் பலகை மேல கோபமில்ல சார்," என்றார் மகன். "எங்கப்பா கடைசி மூச்சு வரைக்கும் 'என் ஓட்டைக் களவாடிட்டாங்க'ன்னு சொல்லிட்டே போனார். அவர் அந்தப் பேச்சை எடுத்தா எங்கம்மா எழுந்து அடுப்படிக்குப் போயிடுவாங்க. அவ்வளவு வேதனை. நான் ஏதாவது செய்ய வேணாமா?"

பேசிக்கொண்டே தேநீர்க்கடைத் துண்டுச்சீட்டு இரண்டை எடுத்தார். ஒன்றை நடுவில் மடித்து, அதன் வயிற்றுக்குள் மற்றதைச் செருகி, மூலையைத் திருகினார்.

"இதென்ன மடிப்பு?" என்றார் கண்மூடி.

"அட, இதுவா? பழக்கதோஷம். படகுல போக ஒரு டிக்கெட், வர ஒரு டிக்கெட். தனித்தனியா வச்சா ஆத்துக் காத்து அடிச்சுட்டுப் போயிடும். அதனால ஒண்ணுக்குள்ள ஒண்ணு. எங்க கரையில கைக்குழந்தைகூட இப்படித்தான் மடிக்கும்."

கண்மூடி வெகுநேரம் கண்ணைத் திறக்கவில்லை. தூங்கிவிட்டார் என்றே மைத்துனர் நினைத்தார்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் ஏன் காத்திருக்கணும்?" என்றார் கடைசியில். "இன்னிக்கே திறங்க. ஊர் வேணாம், நாம மட்டும். மாப்ளே, அந்த அம்மாவை நாற்காலியோட தூக்கிட்டு வா. சிவப்பு உண்டியலும் வரணும்."

மைத்துனர் மூச்சிரைக்கத் தூக்கி வந்தார்; பின்னால் டீச்சர் உண்டியலோடு வந்தார். அம்மா ஊர்வலம் போகிறவர்போல் இரு பக்கமும் பார்த்துக்கொண்டு வந்தார். கண்மூடி இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அதே மரம், அதே உயரம், அதே துவாரம்.

"பரண்ல ரெண்டு பெட்டி இருந்த தடம் இருக்கு. ஒண்ணை எடுத்துக் குழந்தைக்கு உண்டியலாக் குடுத்திருக்கார். ஓட்டுத் திருடறவனுக்கு ஒரு பெட்டி போதும். அதைத் திருடன் வீட்ல வச்சுக்கவும் மாட்டான், எரிச்சுடுவான். ரெண்டு பெட்டி யாருக்கு வேணும்? சொல்லிக் குடுக்கறவனுக்கு."

"எதைச் சொல்லிக் குடுக்க?" என்றார் மகன்.

"ஒண்ணு இங்க, ஒண்ணு அங்க. இந்த அம்மா இன்னும் மறக்கல. எழுதப் படிக்கத் தெரியாத பொம்பளைங்களை வீட்டுக்குக் கூப்பிட்டு இவங்க புருஷன் ஒத்திகை பாத்திருக்கார். இதுக்குள்ள நிஜ ஓட்டுச்சீட்டு ஒண்ணுகூட இருக்காது. முத்திரை வச்ச தடமே இல்ல. பூட்டை உடைங்க."

மைத்துனர் திருப்புளியால் நெம்பினார். பூட்டு உதிர்ந்தது. மேசையில் கொட்டியவை கத்தரித்த காலண்டர்த் தாள்கள், சர்க்கரைப் பொட்டலக் காகிதம், மருந்துச்சீட்டின் வெள்ளைப் பின்பக்கம். டீச்சர் வாய்விட்டு அழுதார்.

மகன் மட்டும் அசையவில்லை. "அப்போ மலை மாதிரி இருந்த குவியல்? அதை ஊரே பாத்துச்சே சார்!"

"பாத்தது நிஜம். இந்தக் காகிதத்தை நல்லாப் பாருங்க."

மகன் ஒன்றை எடுத்தார். தனித்தாளாக எதுவுமே இல்லை. ஒன்றின் வயிற்றுக்குள் இன்னொன்று, மூலை திருகியிருந்தது.

"ஒருத்தர் ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டுதான் போடலாம்," என்றார் கண்மூடி மெல்ல. "ரெண்டும் ஒரே மடிப்புல விழுந்தா ஒண்ணைத்தான் எண்ணுவாங்க, இன்னொண்ணு செல்லாது. உங்க கரை ஜனங்க ரெண்டு சீட்டைப் பாத்ததும் கை தானா படகு டிக்கெட் மாதிரி மடிச்சுடுச்சு. மடிச்சதை உங்கப்பா பெட்டியில போட்டாங்க. குவியல்ல பாதி செல்லாமப் போச்சு. இதைத் தடுக்கத்தான் அந்த மனுஷன் பாடுபட்டிருக்கார். முடியல."

"அவர் வெளிய சொல்லியிருக்கலாமே! ஏன் இத்தனை பழியைச் சுமக்கணும்?"

"சொன்னா உங்க கரை ஆம்பளைங்க யார் மேல பாய்வாங்க? வீட்டுப் பொம்பளைங்க மேல. 'நீதானேடி தோக்கடிச்சே'ன்னு. அதுக்குப் பயந்து வாயைக் கட்டிக்கிட்டார்."

மகன் கையிலிருந்த மடிப்பைப் பிரித்தார். இரண்டு தாள்களும் தனித்தனியாக வந்தன.

"அடுப்படிக்குப் போனது வேதனையில்லையா?" என்றார். "எங்கம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு. அவங்களும் ஒத்திகைக்கு வந்திருப்பாங்க. அத்தனை வருஷமும் அதை உள்ளேயே வச்சுக்கிட்டு எங்களுக்குச் சமைச்சுப் போட்டிருக்காங்க." குழந்தைபோல் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "டீச்சரம்மா, பலகை அங்கயே இருக்கட்டும். செவுத்துக் கரியை நானே வந்து அழிக்கறேன். மன்னிச்சுடுங்க."

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்த வருஷத்துப் பிள்ளையாக அவரைக் கண்டாரோ, யார் சொல்ல முடியும்? கையை நீட்டி அவர் விரல்களைத் தட்டினார்.

"மடிக்காதப்பா. ஒண்ணு இங்க, ஒண்ணு அங்க."

நரைத்த அந்த மனிதர் ஒரு தாளைப் பச்சைப் பெட்டியில் போட்டார். மற்றதைச் சிவப்பில் போட்டார். அம்மா இரண்டு பெட்டிகளையும் எட்டிப் பார்த்தார்.

"இப்பதான் சரி," என்றார். பிறகு மகள் பக்கம் திரும்பி, "பசிக்குதுடி," என்றார்.